தீர்ப்பை எங்கே படிப்பது? அரசுத் தளம், இலவசத் தேடல், சந்தா, சான்றிட்ட நகல்: எது எப்போது உதவும்

"எங்கள் வழக்குக்குப் பொருந்துகிற சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று இருக்கிறதாம். அதை எங்கே பார்ப்பது? இணையத்தில் கிடைப்பதை நம்பலாமா? பணம் கட்டும் தளத்தில் சேர வேண்டுமா? இல்லை, கோர்ட்டிலேயே நகல் மனு போட வேண்டுமா?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. சொத்து வழக்கில் இருப்பவர்கள், வாடகைத் தகராறில் மாட்டிக்கொண்டவர்கள், சட்டக் கல்லூரி மாணவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. ஆனால் எதை வைத்து முடிவெடுப்பது என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

அதற்கு முன் ஒரு பழைய வழக்கு. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சர் குழு 1923-ல் ஓர் அபின் சட்டத்தைத் தீர்மானமாக நிறைவேற்றியது. ஆனால் அதை எங்கும் வெளியிடவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஹர்லா என்பவருக்கு அதே சட்டத்தின்படி 50 ரூபாய் அபராதம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மக்கள் அறிந்துகொள்ள வழியே இல்லாத ஒரு தீர்மானத்தை வைத்து ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று சொல்லி, 1951-ல் அந்தத் தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது என்கிறோம். அப்படிச் சொல்லும் உரிமை, சட்டத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்த பிறகுதான் அரசுக்கு வருகிறது.

தீர்ப்புக்கும் இதே நியாயம்தான். உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் நாட்டிலுள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசமைப்பின் 141-ஆம் உறுப்பு. அப்படியானால் தீர்ப்பும் சட்டம். அது வக்கீல் அலமாரியில் மட்டும் இருந்தால் போதாது.

## முதலில் இதை முடிவு செய்யுங்கள்: சட்டமாகவா, ஆவணமாகவா?

ஒரே தீர்ப்பை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். அடுத்தவர் வழக்கில் வந்த தீர்ப்பை, "இதுதான் சட்டம், எனக்கும் இது பொருந்தும்" என்று வாதத்தில் எடுத்துக்காட்டுவது ஒன்று. உங்கள் சொந்த வழக்கின் தீர்ப்பை மேல்முறையீட்டிலோ பத்திரப் பதிவிலோ ஆவணமாகத் தாக்கல் செய்வது இன்னொன்று. முதலாவதற்குச் சான்றிட்ட நகல், அதாவது நீதிமன்றமே சான்றளித்துத் தரும் பிரதி, தேவையில்லை. இரண்டாவதற்கு இணையத்தில் இறக்கிய பிரதி செல்லாது. பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகிறது.

அப்புறம் நான் பார்க்கும் அளவுகோல்கள் ஐந்து.

- அதிகாரம்: நீதிபதி முன் வைத்தால், இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழாமல் இருக்குமா?
- உயிர்: அந்தத் தீர்ப்பு இன்றும் செல்லுமா, பின்னால் வந்த வேறொரு தீர்ப்பு அதை மாற்றிவிட்டதா?
- பரப்பு: நமக்கு வேண்டிய நீதிமன்றமும் ஆண்டும் அங்கே இருக்கின்றனவா?
- மொழி: தமிழில் படிக்க முடியுமா?
- செலவு: பணம் மட்டுமா? அலைச்சல், நாட்கள், தவறினால் வரும் நஷ்டம் எவ்வளவு?

இரண்டாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இந்த அட்டவணையைப் பாருங்கள்.

| வழி | எதற்கு நம்பலாம் | கட்டணம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| அரசு, நீதிமன்றத் தளங்கள் | சரியான வாசகம் | இல்லை | தேடப் பொறுமை வேண்டும் |
| இந்தியன் கானூன் (இலவசத் தேடல் தளம்) | கண்டுபிடிக்க | அடிப்படை வசதிக்கு இல்லை | செல்லாத தீர்ப்பைச் செல்லும் என்று நம்பிவிடும் ஆபத்து |
| சந்தாத் தளங்கள், சட்ட இதழ்கள் | தீர்ப்பு இன்றும் செல்லுமா என்று பார்க்க | உண்டு | சந்தா முடிந்தால் கையில் எதுவும் மிஞ்சாது |
| சான்றிட்ட நகல் | ஆவணமாகத் தாக்கல் செய்ய | சிறு தொகை | அலைச்சல், காலக்கெடு |

## அரசுத் தளங்கள்

உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பு சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ். 1950-லிருந்து வருவது. அதை அப்படியே இணையத்தில் இலவசமாகத் தருவதுதான் இ-எஸ்சிஆர். 2023 ஜனவரியில் தொடங்கியபோதே சுமார் 34,000 தீர்ப்புகள் அதில் இருந்தன. வெறும் தீர்ப்பு மட்டுமல்லாமல், அதன் சாரத்தைச் சொல்லும் ஹெட்நோட்டும் இருக்கும். இந்த வசதிக்காகவே முன்பெல்லாம் காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டியிருந்தது. இதைப் பற்றி வெளியே அதிகம் பேருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

2023-ல் வந்த இன்னொரு மாற்றமும் பெரியது. ஒரு தீர்ப்பைச் சுட்டுவதற்கு அதுவரை தனியார் இதழின் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும்தான் பெரும்பாலும் சொன்னார்கள். அந்த இதழ் கையில் இல்லாதவருக்கு அந்த எண்ணால் என்ன பயன்? இப்போது உச்ச நீதிமன்றமே ஒவ்வொரு தீர்ப்புக்கும் தன் எண்ணைத் தருகிறது. '2023 ஐஎன்எஸ்சி 1' என்ற வடிவில் இருக்கும். எந்தப் பதிப்பகத்தையும் சாராத எண். யார் தேடினாலும் அதே தீர்ப்பு கிடைக்கும்.

உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தளம் இருக்கிறது. எல்லா உயர் நீதிமன்றங்களையும் சேர்த்துத் தேட இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தேடல் தளம் இருக்கிறது. உங்கள் ஊர் முன்சீப் கோர்ட், சார்பு நீதிமன்ற வழக்குகளுக்கு இ-கோர்ட்ஸ் செயலியில் சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் போதும். 16 இலக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த எண் அது. வாய்தா தேதியும் பதிவேற்றிய உத்தரவுகளும் தெரியும்.

மொழி விஷயத்தில் நிலைமை கொஞ்சம் விசித்திரம். 1976-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்கள் தமிழில் தீர்ப்பு எழுதலாம். ஆனால் அதே வழக்கு உயர் நீதிமன்றம் போனதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். அரசமைப்பின் 348-ஆம் உறுப்பு அப்படி. உச்ச நீதிமன்றம் 2019 முதல் தேர்ந்தெடுத்த தீர்ப்புகளை இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடுகிறது, தமிழிலும் வருகிறது. ஆனால் அந்த மொழிபெயர்ப்பின் அடியிலேயே, இது கட்சிக்காரர் புரிந்துகொள்வதற்கு மட்டுமே, அதிகாரபூர்வமானது ஆங்கிலப் பிரதிதான் என்ற குறிப்பும் இருக்கும். ஆகவே தமிழில் படித்துப் புரிந்துகொள்ளுங்கள், ஆங்கிலப் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுத் தளங்களின் குறை ஒன்றுதான். வழக்கு எண்ணோ கட்சிக்காரர் பெயரோ தெரிந்தால் வேகமாகக் கிடைக்கும். "பாகம் கேட்டு மகள் போட்ட வழக்கு" என்று விஷயத்தை மட்டும் வைத்துத் தேடினால் திணறுவீர்கள்.

## இந்தியன் கானூன்

அந்தத் திணறலைத் தீர்த்ததுதான் இந்தியன் கானூன். சுசாந்த் சின்ஹா 2008-ல் தொடங்கிய தேடல் தளம். உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், பல தீர்ப்பாயங்கள், சட்டங்கள் எல்லாவற்றிலும் சாதாரணச் சொற்களை வைத்தே தேடலாம். ஒரு சட்டப் பிரிவைத் திறந்தால் அதைப் பேசிய தீர்ப்புகள் வரும். தேடலும் வாசிப்பும் இலவசம், கூடுதல் வசதிகளுக்குக் கட்டணம் உண்டு. வக்கீல்களும் இதைத்தான் முதலில் திறக்கிறார்கள்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். 2021-ல் என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பூர்வீகச் சொத்தில் தனக்குப் பங்கு உண்டா என்று என்னிடம் கேட்டார். தாத்தா 2001-லேயே இறந்துவிட்டார். சொத்து பாகம் பிரிக்கப்படவில்லை. நான் இணையத்தில் தேடி, உச்ச நீதிமன்றம் 2015-ல் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் தந்த தீர்ப்பைப் படித்தேன். மகளுக்கும் மகனைப்போல் பூர்வீகச் சொத்தில் உரிமை தந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தையும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அத்தையிடம் "தாத்தா முன்னாடியே போய்விட்டதால் உங்களுக்கு அந்த உரிமை வராது" என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

சில மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்றே வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த 2015 தீர்ப்பு தவறு என்று ஒதுக்கிவிட்டது. மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை வருகிறது, 2005-ல் தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டில்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்துமுடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் அது தொடவில்லை. நான் படித்த தீர்ப்பின் வாசகத்தில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் அது அப்போதே செல்லாததாகிவிட்டிருந்தது. அத்தைக்கு இல்லை என்றால் அது என் அப்பாவுக்குப் போகும் பங்கு. அதனால் அந்தத் தவறு என்னை இன்னும் உறுத்துகிறது. அத்தையிடம் போய்த் திருத்திச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன்.

இலவசத் தேடலின் பெரிய மறைமுகச் செலவு இதுதான். வாசகம் கிடைக்கும். அது இன்றும் செல்லுமா என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும். அதற்கும் இலவச வழி உண்டு, நேரம்தான் வேண்டும். தீர்ப்புப் பக்கத்தில் அதைப் பின்னால் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளின் பட்டியல் இருக்கும். அதைத் திறந்து, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் எடுத்து, புதிதிலிருந்து பழையது நோக்கிப் படியுங்கள். கூடவே அமர்வில் எத்தனை நீதிபதிகள் என்று எண்ணுங்கள். இரண்டு பேர் சொன்னதை மூன்று பேர் மாற்றலாம். உயர் நீதிமன்றத் தீர்ப்பாக இருந்தால் எந்த மாநிலம் என்று பாருங்கள். கேரள உயர் நீதிமன்றம் சொன்னதை நம் ஊர் நீதிபதி மதிப்பார், ஆனால் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இத்தனை எளிதாகத் தேட முடிவதால், வழக்கில் விடுதலையானவரின் பெயரும் காலத்துக்கும் தேடலில் வந்துகொண்டே இருக்கும். அப்படி ஒருவர் தொடுத்த வழக்கில், 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பை நீக்கச் சொன்னது. அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பெயரை மட்டும் மறைத்துவிட்டுத் தீர்ப்பைப் பொதுவில் வைப்பதே சரி என்பது என் எண்ணம். தீர்ப்பே காணாமல் போனால் அதிலிருக்கும் சட்டமும் மறைந்துவிடும்.

## சந்தாத் தளங்களும் சட்ட இதழ்களும்

மெட்ராஸ் லா ஜர்னல் 1891 முதல் வருகிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வெளியிடும் எஸ்சிசி (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) 1969 முதல். எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா போன்ற இணையச் சந்தாக்கள் பின்னால் வந்தவை. இவற்றில் தீர்ப்பின் வாசகத்துக்காக நீங்கள் காசு கொடுக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். தீர்ப்பு யாருக்கும் சொந்தமில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நீதிமன்றமே தடை செய்யாதவரை தீர்ப்பை யார் வேண்டுமானாலும் மறுபதிப்பு செய்யலாம் என்கிறது. 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோதக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது. தீர்ப்பின் மூல வாசகம் பொதுச் சொத்து. பதிப்பாளர் தன் உழைப்பில் சேர்க்கும் ஹெட்நோட், அடிக்குறிப்பு, பத்தி பிரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் அவருக்கு உரிமை.

நீங்கள் காசு கொடுப்பது அந்த உழைப்புக்குத்தான். அதிலும் முக்கியமாக, ஒரு தீர்ப்பு பின்னால் உறுதிசெய்யப்பட்டதா, ஒதுக்கப்பட்டதா என்று ஆசிரியர்கள் படித்துப் பார்த்துப் போடும் குறிப்புக்கு. அந்த ஒரு குறிப்பு என் கண்ணில் பட்டிருந்தால் அத்தையிடம் தவறாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் ஒரே ஒரு வழக்குக்காக ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். அது வீண். உங்கள் வக்கீலிடம் ஏற்கெனவே இருக்கும், "இந்தத் தீர்ப்பு இன்னும் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஐந்து நிமிட வேலை. மாணவர்களுக்குக் கல்லூரி நூலகத்திலேயே இணைப்பு இருக்கலாம், விசாரியுங்கள். தினமும் வழக்கு நடத்தும் இளம் வக்கீலுக்குச் சந்தா அவசியம்தான், ஆனால் அதைப் புத்தகம் வாங்குவதுபோல் நினைக்க வேண்டாம். வாங்கிய இதழ்த் தொகுதி பிள்ளைகள் காலம் வரை அலமாரியில் இருக்கும். சந்தா முடிந்த மறுநாள் திரையில் ஒன்றும் இருக்காது.

சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் இன்னொரு வழி. நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்துசேரும் நூலகங்களில் அது ஒன்று. பழைய சட்ட இதழ்களைப் புரட்ட ஏற்ற இடம்.

உண்மையில், எது செல்லும் எது செல்லாது என்ற தகவலையும் நீதிமன்றமே இலவசமாகத் தர வேண்டும் என்று நான் நம்புகிறேன். தீர்ப்பைக் கொடுத்துவிட்டு, அது செத்துப்போன செய்தியை மட்டும் காசுள்ளவர் தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவது நியாயமில்லை.

## சான்றிட்ட நகல்

உங்கள் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது, மேல்முறையீடு போக வேண்டும் என்றால் வேறு யோசனையே வேண்டாம். இதுதான் வழி. உரிமையியல் வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றால் 90 நாள், வேறு நீதிமன்றத்துக்கு என்றால் 30 நாள். நகல் கிடைக்க ஆகும் நாட்களைக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் நகல் மனு போட்ட நாளிலிருந்துதான் கழிவு. தீர்ப்பாணை தயாராகவில்லையே என்று மனு போடாமல் காத்திருந்தால், அந்த நாட்கள் கழியாது. அதே பிரிவின் விளக்கம் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. எனவே தீர்ப்பு இணையத்தில் ஏறிவிட்டது, படித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். தீர்ப்பு வந்த அன்றோ மறுநாளோ நகல் மனு போட்டுவிடுங்கள்.

குற்ற வழக்கில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு சொன்ன கையோடு நகலை இலவசமாகத் தர வேண்டும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 363-ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 404. கேட்டு வாங்குங்கள்.

வழக்கில் சம்பந்தமில்லாதவர் நகல் கேட்டால் காரணம் சொல்லி, அந்த நீதிமன்றத்தின் விதிப்படி மனு செய்ய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக அதைச் சுற்றிப்போக முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

## சட்டத்தின் வாசகத்துக்கு எங்கே போவது?

தீர்ப்பு மட்டும் போதாது, சட்டப் பிரிவையும் பார்க்க வேண்டும். அரசிதழில் வருவதுதான் மூலம். மத்திய அரசிதழ் 2015 அக்டோபர் முதல் மின்வடிவில் மட்டுமே வருகிறது. ஆனால் அரசிதழில் திருத்தங்கள் தனித்தனியாக இருக்கும், நாமேதான் ஒட்டிப் பார்க்க வேண்டும். இந்தியா கோடு தளம் மத்திய, மாநிலச் சட்டங்களைத் திருத்தங்களோடு சேர்த்து இலவசமாகத் தருகிறது. முதலில் அதைத் திறங்கள். அண்மைத் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று அரசிதழில் ஒருமுறை சரிபாருங்கள். கடையில் விற்கும் பேர் ஆக்ட் புத்தகம், அதாவது சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகம், கையடக்கமானது, ஆனால் பதிப்பாண்டைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

வாடகை வழக்கு இதற்கு நல்ல உதாரணம். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்புகள் குவியும். அவற்றைத் தூக்கிக்கொண்டு போனால் பயனில்லை. குற்ற வழக்குகளிலும் 2024 ஜூலை 1-க்குப் பிறகு எண்கள் மாறிவிட்டன. ஊரெல்லாம் சொல்லும் 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ன் 4-ஆம் உட்பிரிவு. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய எண்ணேதான்.

## செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமா?

சுருக்கிப் புரிந்துகொள்ளக் கேளுங்கள். தீர்ப்பைத் தேடித் தரச் சொல்லாதீர்கள். இல்லாத தீர்ப்புக்குப் பெயரும் எண்ணும் சேர்த்து எழுதித் தந்துவிடும். 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஓர் உத்தரவிலேயே இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்று, அந்த உத்தரவைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. எங்கே கிடைத்த சைட்டேஷனாக (தீர்ப்பைச் சுட்டும் எண்) இருந்தாலும் இ-எஸ்சிஆரிலோ உயர் நீதிமன்றத் தளத்திலோ நீங்களே திறந்து பார்த்த பிறகுதான் அது தீர்ப்பு.

## உங்கள் நிலைமைக்கு எது?

வழக்கு போடலாமா என்று யோசிப்பவர்: இந்தியன் கானூனில் தேடுங்கள், இ-எஸ்சிஆரில் வாசகத்தை உறுதி செய்யுங்கள். காசு செலவழிக்க வேண்டாம். ஆனால் நீங்களாக முடிவுக்கு வராமல் ஒருவரிடம் காட்டுங்கள்.

கீழ்க் கோர்ட்டில் தோற்றவர்: இன்றே நகல் மனு. தேடல், வாசிப்பு எல்லாம் அப்புறம்.

வக்கீல் வைத்து நடத்துபவர்: நீங்கள் கண்டெடுத்த தீர்ப்பின் எண்ணை அவரிடம் கொடுத்து, அது இன்றும் செல்லுமா என்று மட்டும் கேளுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் உள்ளிட்டோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. என் அத்தை அங்கேதான் போனார். வினீதா சர்மா தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கத்தை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கிருந்த வக்கீல் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, முதலில் கேட்டது சொத்தின் மூலப் பத்திரத்தையும் தாத்தாவின் இறப்புச் சான்றிதழையும்தான்.